மலைக்குத் திரும்ப முடியாத மூன்று வாரம்: ஒரு விழித்திரை விலகல் நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வை எழுதச் சம்மதித்தவர், விழித்திரை விலகி எங்களிடம் வந்த அந்த அம்மாதான். அடையாளம் தெரியாமலிருக்க ஊர், குடும்பம் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களை மாற்றவில்லை. நான் விழித்திரை அறுவை மருத்துவர், இவருக்கு அறுவை செய்தவளும் நானே. எங்கள் மருத்துவமனை சமவெளியில் இருக்கிறது. நீலகிரியிலிருந்து நிறையப் பேர் வருவார்கள்.

பின்னணி

அவருக்கு 47 வயது. கோத்தகிரிப் பக்கம் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். பள்ளிக்கூட நாளிலிருந்தே தடிமனான கண்ணாடி. வலது கண்ணுக்கு மைனஸ் 9.5, இடது கண்ணுக்கு மைனஸ் 8. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லை, கண்ணில் அடிபட்டதும் இல்லை. கண் பாப்பாவை, அதாவது கருவிழியின் நடுத் துளையை, சொட்டு மருந்தால் விரித்து விழித்திரையின் ஓரங்களை யாரும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இத்தனை ஆண்டுகளாக அவருக்குக் கண் பரிசோதனை என்றால் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதுதான்.

கிட்டப்பார்வை இவ்வளவு அதிகமானால் கண் விழி நீளமாக இருக்கும். அதன் உள்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை இழுபட்டு, ஓரங்களில் மெலிந்துவிடும். விழிக்குள் நிரம்பியிருக்கும் கூழ் இளம் வயதில் நுங்கு போலக் கெட்டியாக இருக்கும். வயதாக ஆக அது நீர்த்துச் சுருங்கும், விழித்திரையை விட்டு விலகும். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு இது சில ஆண்டுகள் முன்னதாகவே நடக்கும். பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கூழ் சிக்கலில்லாமல் விலகிவிடுகிறது. சிலருக்கு ஏதோ ஓரிடத்தில் அழுத்தமாக ஒட்டிக்கொண்டிருந்து, விலகும்போது விழித்திரையையும் சேர்த்துக் கிழிக்கும். கிழிசல் வழியாக நீர் பின்னால் புகுந்தால், மழைத்தண்ணீர் புகுந்த சுவரொட்டி உரிவதுபோல விழித்திரை உரியத் தொடங்கும்.

முதல் ஏழு நாட்கள்

ஞாயிற்றுக்கிழமை இரவு விளக்கை அணைத்த பிறகு வலது கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டியது போலத் தெரிந்திருக்கிறது. ஐப்பசி மழைக்காலம். வெளியே நிஜ மின்னல் என்றே நினைத்திருக்கிறார். மறுநாள் காலை அதே கண்ணில் "கரித்தூளை ஊதிவிட்ட மாதிரி" கருப்புப் புள்ளிகள் மிதந்தன. மின்னலைத் தொடர்ந்து இப்படித் திடீரென்று புள்ளிகள் கொட்டினால், கிழிசலின்போது சிறு ரத்தக் குழாய் அறுந்து ரத்தம் கசிந்திருக்கலாம். அன்றே வந்திருந்தால் கிழிசலைச் சுற்றி லேசர் போட்டு, அரைமணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

செவ்வாய்க்கிழமை கண்ணாடிக் கடைக்குப் போனார். பவர் கொஞ்சம் மாறியிருக்கிறது என்று சொல்லிப் புதுக் கண்ணாடிக்கு எழுதிக்கொண்டார்கள். புள்ளிகளைப் பற்றி இவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு கேள்வி கேட்க யாரும் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

வியாழக்கிழமை, வலது கண்ணில் மூக்கை ஒட்டிய கீழ்ப்பக்கத்தில் ஒரு நிழல். கண்ணாடி ஃபிரேம்தான் மறைக்கிறது என்று நினைத்தார். அப்படித் தோன்றுவது இயல்பு, ஏனென்றால் அந்தப் பக்கம் எப்போதும் மூக்கு மறைப்பதுதானே. தவிர, இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் அந்தக் குறையை நிரப்பிவிடும். வெள்ளிக்கிழமை மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டார். பக்கத்து வீட்டு அக்கா, "புரையா இருக்கும், முத்தட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை காலை ஊசியில் நூல் கோக்க இடது கண்ணை மூடியபோது ஊசியே தெரியவில்லை. நிழல் நடுவுக்கு வந்துவிட்டது. கோவையில் கல்லூரியில் படிக்கும் மகளிடம் போனில், "பாதி ஜன்னலுக்குத் திரை போட்ட மாதிரி இருக்கு" என்று சொன்னார். அந்தத் திரை என்ற சொல்தான் அவரை எங்களிடம் கொண்டுவந்தது. மகள் எங்கோ படித்திருக்கிறாள். "இன்னைக்கே கிளம்பு அம்மா" என்றாள். மாலை ஐந்து மணிக்கு, வெளிநோயாளர் பிரிவை மூடும் நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

பரிசோதனையில் கண்டது

வலது கண்ணின் பார்வை, ஒரு மீட்டர் தூரத்தில் விரல் எண்ணும் அளவுக்கே இருந்தது. இடது கண் கண்ணாடியோடு 6/6, அதாவது முழுப் பார்வை. வலது கண்ணில் அழுத்தம் 10, இடதில் 15. விழித்திரை விலகிய கண்ணில் அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருப்பது வழக்கம்.

பாப்பாவை விரித்துப் பார்த்ததும் நிலைமை தெளிவாகிவிட்டது. வலது விழித்திரையின் மேல்பாதி, காதுப் பக்கம் அதிகமாக, சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கடிகார முகமாக வைத்துச் சொன்னால் பத்தரை மணி இடத்தில் குதிரை லாட வடிவில் பெரிய கிழிசல் ஒன்று, கொஞ்சம் பின்பக்கமாகத் தள்ளி. பன்னிரண்டு மணி இடத்தில் சின்னது ஒன்று, ஓரத்துக்கு அருகில். எழுத்தையும் முகத்தையும் நமக்குக் காட்டும் நடுப்பகுதியான மேக்குலாவும் தூக்கிக்கொண்டிருந்தது. விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனும் அதை உறுதி செய்தது. கூழில் லேசான ரத்தக் கசிவும் இருந்தது.

எங்கள் இளம் மருத்துவர்களிடம் நான் விடாமல் சொல்லும் ஒன்று உண்டு: விலகலைப் பார்த்தால் போதாது, கிழிசலைக் கண்டுபிடிக்க வேண்டும். நூறு வருடத்துக்கு முன்பு விழித்திரை விலகல் என்றால் பார்வை போனது போனதுதான். நோயாளிகளை வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள், பலன் இருக்காது. சுவிட்சர்லாந்தில் லொசான் நகரத்தில் இருந்த ஜூல் கோனின்தான், கிழிசலை அடைத்தால்தான் விழித்திரை ஒட்டும் என்பதை 1920களில் அறுவை செய்து காட்டியவர். இன்று கருவிகளெல்லாம் மாறிவிட்டன, அவர் பிடித்த அடிப்படை மாறவில்லை. ஒரு கிழிசலைத் தவறவிட்டால் எவ்வளவு அழகாக அறுவை செய்தாலும் விழித்திரை மறுபடி விலகும். அன்று பன்னிரண்டு மணிக் கிழிசல் எனக்கு முதல் பார்வையில் அகப்படவில்லை. கண்ணை வெளியிலிருந்து அழுத்தி ஓரம் முழுக்கச் சுற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இடது கண்ணிலும் ஓரத்தில் லாட்டிஸ் எனப்படும் மெலிந்த பகுதி நீளமாக இருந்தது, அதற்குள் ஒரு சிறு ஓட்டையும் இருந்தது. அந்தக் கண்ணில் அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியவில்லை.

எந்த அறுவை, ஏன்

இந்த இடத்தில் நான் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். அந்தச் சனிக்கிழமை மாலை நாங்கள் பேசியதில் பாதி கண்ணைப் பற்றியது, பாதி அவருடைய வீடு இருக்கும் உயரத்தைப் பற்றியது.

முதல் வழி, கண்ணின் வெளிச்சுவரில் சிலிக்கான் பட்டை தைத்து, சுவரை உள்ளே தள்ளிக் கிழிசலை அடைப்பது. கண்ணுக்குள் வாயு வைத்தால் அது கரையும் வரை மலையேற முடியாது, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இதற்கு வாயு தேவைப்படாமலே போகலாம். அப்படியானால் அவர் சில நாளில் மலையேறிவிடலாம். இவரைப் போலப் புரை அறுவை ஆகாமல் இயற்கை லென்ஸ் உள்ளவர்களுக்குப் பட்டை வைப்பது நல்ல பார்வையைத் தருகிறது என்று 2007இல் வெளியான பெரிய ஐரோப்பிய ஒப்பீட்டு ஆய்வும் சொல்கிறது. ஆனால் இவருடைய பெரிய கிழிசல் பின்தள்ளி இருந்தது, சின்னது முன்னால் இருந்தது. இரண்டு கிழிசலும் வெவ்வேறு ஆழத்தில் இருக்கும்போது ஒரே பட்டையில் இரண்டையும் தாங்குவது கடினம். பின்பக்கத்துத் தையலும் மெலிந்த விழியில் ஆபத்தானது.

இரண்டாவது வழி, கண்ணுக்குள் வாயு மட்டும் ஊசியால் செலுத்தி, தலையைச் சாய்த்து வைத்து ஒட்டவைப்பது. இது எளிது, செலவும் குறைவு. ஆனால் கிழிசல்கள் ஒரு மணி நேர அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. இவருக்கு ஒன்றரை மணி இடைவெளி, கூடவே ரத்தக் கசிவு.

மூன்றாவது வழி விட்ரெக்டமி. மூன்று நுண்துளைகள் வழியே உள்ளே போய், இழுத்துக்கொண்டிருக்கும் கூழை வெட்டி எடுத்து, விழித்திரையைப் படியவைத்து, கிழிசலைச் சுற்றி லேசர் போட்டு, உள்ளே வாயு அல்லது சிலிக்கான் எண்ணெய் நிரப்புவது. இதைத்தான் தேர்ந்தெடுத்தோம். அப்புறம் எழுந்த கேள்வி, வாயுவா எண்ணெயா?

எண்ணெய் உயரத்தில் விரியாது. மறுவாரமே அவர் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அதை எடுக்க இன்னொரு அறுவை வேண்டும். கண் அழுத்தம் ஏறும் அபாயமும் உண்டு. சிக்கலில்லாத முதல் விலகலுக்கு, வீட்டுக்குப் போக வசதி என்பதற்காக மட்டும் எண்ணெய் வைக்க எனக்கு ஒப்பவில்லை. வாயுவில் இரண்டு வகையைப் பற்றி யோசித்தோம். சி3எஃப்8 ஆறு முதல் எட்டு வாரம் தங்கும். எஸ்எஃப்6 இரண்டு, மூன்று வாரத்தில் கரைந்துவிடும். கிழிசல் இரண்டும் மேல்பாதியில்தான். கண்ணுக்குள் வாயு ஒரு குமிழாக எப்போதும் மேலே மிதந்து, அங்குள்ள கிழிசலை அடைத்து நிற்கும், அதனால் எஸ்எஃப்6 போதும். லேசர் வடு உறுதியாக இறுகச் சுமார் பத்து, பதினான்கு நாள் ஆகும், அதுவரை குமிழ் தாக்குப்பிடிக்கும்.

வாயு இருக்கும் வரை மலையேறக் கூடாது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைகிறது, வாயு ஐந்தில் ஒரு பங்கு விரியும். திறந்த வெளியில் அது ஒன்றுமில்லை. மூடிய விழிக்குள் அந்த அளவு விரிந்தால் கண் அழுத்தம் எகிறி, விழித்திரைக்கு ரத்தம் போவதே நின்றுவிடலாம். அவருடைய தங்கை மேட்டுப்பாளையத்தில் இருந்தார். மூன்று வாரம் அங்கே தங்கச் சம்மதித்தார்.

ஞாயிறன்று அறுவை செய்யவில்லை. மேக்குலா ஒட்டியிருந்தால் இரவோடு இரவாகச் செய்திருப்பேன். அது ஏற்கெனவே விலகிவிட்டதால், பழகிய குழுவோடும் முழு வசதியோடும் திங்கள் காலை செய்வது சரி என்று முடிவெடுத்தோம். காப்பீட்டு ஒப்புதலும் அதற்குள் வந்தது.

அறுவையும் முதல் வாரமும்

கண்ணைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டு, 25 கேஜ் எனப்படும் மிக மெல்லிய கருவிகளில் விட்ரெக்டமி. ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. பெரிய கிழிசலின் மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த கூழை வெட்டி விடுவித்தோம். அதன் வழியாகவே பின்னால் தேங்கிய நீரை உறிஞ்சினோம். விழித்திரை படிந்தது. இரண்டு கிழிசலையும் சுற்றி மூன்று வரிசை லேசர், கடைசியில் 20 சதவீத எஸ்எஃப்6. இந்தக் கலவை கண்ணுக்குள் தானாக விரியாது.

முதல் நாள் இரவு வரை குப்புறப் படுக்கை, பிறகு இடது கன்னம் தலையணையில் படும்படி. வலது கண்ணின் காதுப் பக்கம் மேலே வந்தால் குமிழ் பெரிய கிழிசலின் மேல் போய் உட்காரும். மல்லாந்து படுக்கக் கூடாது. குமிழ் எப்படி நகரும் என்பதைக் காட்ட, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை நான் எப்போதும் உதாரணம் சொல்வேன். உடனே பிடித்துக்கொண்டார். தங்கையின் கணவர் கட்டட வேலைக்காரர். வீட்டிலிருந்த ரசமட்டத்தை எடுத்து, அக்காவின் தலைக்குப் பக்கத்தில் வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்களாம்.

மறுநாள் விழித்திரை ஒட்டியிருந்தது, அழுத்தம் 19. வாயு வழியாக வெளிச்சமும் கையசைவும்தான் தெரியும், அது எதிர்பார்த்ததே. அதே வாரம் இடது கண்ணின் மெலிந்த பகுதியைச் சுற்றி லேசர் போட்டோம். ஏழாம் நாள் எல்லாம் சீராக இருந்தது. பார்வையின் மேல்பக்கத்தில் தெளிவு வந்து, நடுவில் தண்ணீர் மட்டம் போல ஒரு கோடு ஆடுகிறது என்றார். குமிழ் கண்ணின் மேல்பகுதியில் மிதந்தாலும், பிம்பம் தலைகீழாக விழுவதால் அது கீழே இருப்பதாகத்தான் தெரியும்.

பத்தாம் நாள்

பத்தாம் நாள் காலை கோத்தகிரியில் மாமியார் இறந்துவிட்டார். மருமகள் போகாமல் இருக்க முடியுமா? வீட்டில் யோசித்தார்கள். டாக்டரம்மா மலைக்குப் போகக் கூடாது என்றது குளிருக்காகவும் தூசிக்காகவும் என்றுதான் அவர்கள் புரிந்து வைத்திருந்தார்கள். கண்ணுக்குக் கவசம் போட்டு, தலையைச் சால்வையால் மூடிப் பேருந்து ஏற்றினார்கள்.

நான் காரணத்தைச் சொன்னேன் என்பது உண்மை. அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கும் நேரத்தில், பயத்தில் இருந்த ஒருவரிடம், வேறு பத்து விஷயங்களுக்கு நடுவே ஒரு தடவை சொன்னேன். கையில் கொடுத்த அச்சுத் தாளில் "விமானப் பயணம் கூடாது" என்று மட்டுமே இருந்தது. அவர் வாழ்நாளில் விமானத்தில் ஏறியதில்லை. அந்த வரி அவருக்கானது இல்லை என்றே தாண்டிப் போயிருப்பார்.

குஞ்சப்பனை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கண்ணுக்குள் இறுக்கம், பிறகு தாங்க முடியாத வலி. அடுத்து, தெரிந்துகொண்டிருந்த வெளிச்சமும் போய் முழு இருட்டு. வாந்தி வந்தது. தாளின் மேல் எழுதியிருந்த எண்ணுக்குத் தங்கை போன் செய்தார். எடுத்தது நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்லும் எங்கள் ஆலோசகர் பெண். ஒரு நொடிகூடத் தயங்காமல், "அங்கேயே இறங்குங்கக்கா, மேலே போகாதீங்க, கிடைக்கிற வண்டியில கீழே வாங்க" என்றார். இந்த நிகழ்வில் கண்ணைக் காப்பாற்றிய முடிவு அதுதான், அதை எடுத்தவர் மருத்துவர் அல்ல. மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்கு முட்டைக்கோஸ் ஏற்றி வந்த டெம்போ ஒன்று நின்றது. இறங்க இறங்க வலி தணிந்தது, பாதி வழியில் வெளிச்சம் திரும்பியது.

மூன்று மணி நேரம் கழித்து நான் பார்த்தபோது கண் அழுத்தம் 13. விழித்திரை ஒட்டியிருந்தது, ரத்தக் குழாய்களில் ஓட்டம் நன்றாக இருந்தது. நடந்ததற்கு ஒரு தடயமும் இல்லை. கீழே இறங்கினால் குமிழ் சுருங்கி அழுத்தமும் இறங்கிவிடும். அவர் வாய்திறந்து சொல்லாமல் இருந்திருந்தால் "எல்லாம் சரி" என்றுதான் எழுதியிருப்பேன்.

மாமியாரின் முகத்தைக் கடைசியாக அவர் வீடியோ அழைப்பில்தான் பார்த்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கும் போகவில்லை. அப்போது அறுவை முடிந்து இருபத்தைந்து நாள், வாயு முழுவதும் கரைந்திருந்தது, போகலாம் என்று நானே சொன்னேன். பயத்தில் மறுத்துவிட்டார். அது இன்னமும் எனக்கு வருத்தம்.

தொடர்ந்து நடந்தது

ஆறாவது வாரம் வலது கண்ணில் பார்வை 6/36, நான்காவது மாதம் 6/18. விழித்திரை விலகி மேக்குலாவும் தூக்கியவர்களுக்குப் பார்வை இப்படி மெல்லத்தான் திரும்பும். ஆனால் நேர்கோடுகள் நெளிந்து தெரிந்தன, அந்தக் கண்ணில் பொருள்கள் கொஞ்சம் சின்னதாகவும் தெரிந்தன. "தையல் போட்ட வரி பாம்பு மாதிரி போகுது" என்றார்.

பதினோராம் மாதம் அதே கண்ணில் புரை வந்து பார்வை மறுபடி 6/36க்கு இறங்கியது. விட்ரெக்டமிக்குப் பிறகு, ஐம்பதை நெருங்கும் வயதில், இது எதிர்பார்க்க வேண்டியதே. முன்பே சொல்லியிருந்ததால் இந்த முறை பயப்படவில்லை. புரை எடுத்து லென்ஸ் வைத்த பிறகு 6/12. ஆனால் வலது கண் பவர் குறைந்து, இடது கண் மைனஸ் 8இலேயே நின்றதால் ஒரே கண்ணாடியில் இரண்டையும் சேர்க்க முடியவில்லை. இடது கண்ணுக்குக் கான்டாக்ட் லென்ஸ் பழகிக்கொள்ள அவருக்கு இரண்டு மாதம் ஆனது. இப்போது இரண்டாவது ஆண்டு. இரண்டு விழித்திரையும் ஒட்டியிருக்கின்றன. பிளவுஸ் தைக்கிறார். ஊசியில் நூல் கோப்பது மட்டும் இடது கண்ணை நம்பித்தான்.

என்ன மாற்றினோம், எதை மாற்றியிருப்போம்

அச்சுத் தாளை முதலில் மாற்றினோம். இப்போது அதில் ஊர்ப்பெயர்களே இருக்கின்றன: ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, வால்பாறை, கொடைக்கானல், ஏற்காடு. பக்கத்தில் பெரிய குமிழ், சின்னக் குமிழ் என்று படம். தடையை மட்டும் சொல்லாமல், "மேலே போனால் கண்ணுக்குள் இருக்கும் வாயு பெருகும்" என்ற ஒரு வரி. வாயு வைத்தவர்கள் கையில், அது கரையும் வரை, ஒரு பட்டை கட்டுகிறோம். மயக்க மருத்துவர்களுக்கும் அது பயன்படும், ஏனென்றால் நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தாலும் குமிழ் விரியும். கையெழுத்து வாங்கும்போது சொன்னதை, வீட்டுக்கு அனுப்பும் நாளில், கூட இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறோம். "ஏன் போகக் கூடாது?" என்று ஆலோசகர் கேட்பார். குளிர், தூசி என்று பதில் வந்தால் மறுபடி முதலிலிருந்து சொல்வார்.

சாவு, கல்யாணம் போன்றவை வரலாம் என்று முன்கூட்டியே பேசுவதும் இப்போது உண்டு. அபசகுனமாகப் பேசுகிறார்கள் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

அறுவையைத் திங்களுக்குத் தள்ளியது பற்றி என் மனம் இன்னும் முழுதாக ஆறவில்லை. சனிக்கிழமை அவர் வந்தபோது மேக்குலா விலகிச் சில மணி நேரமே ஆகியிருந்தது. அன்று இரவே செய்திருந்தால் நெளிவு குறைந்திருக்குமா என்று அடித்துச் சொல்ல முடியாது. இப்போது, மேக்குலா விலகி ஒரு நாளுக்குள் வருபவர்களுக்கு விடுமுறை நாளிலும் அறுவை அரங்கைத் திறக்கிறோம்.

மலையில் உள்ள நான்கு கண்ணாடிக் கடைகளுக்கு எங்கள் குழு போய்ப் பேசியது. கேட்கச் சொன்னது மூன்றே கேள்வி: மின்னல் தெரிகிறதா, புதிதாகப் புள்ளிகள் மிதக்கின்றனவா, எங்காவது நிழலோ திரையோ விழுகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் பவர் பார்க்காமல் அன்றே கீழே அனுப்ப வேண்டும். இரண்டு கடைகள் கேள்விகளை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கின்றன. அதில் ஒன்று இந்த அம்மாவுக்குப் புதுக் கண்ணாடிக்கு எழுதிக்கொண்ட கடை. அங்கிருந்து இதுவரை மூன்று பேர் வந்திருக்கிறார்கள். இருவருக்குக் கூழ் விலகல் மட்டும்தான். ஒருவருக்குக் குதிரை லாடக் கிழிசல், விழித்திரை இன்னும் விலகவில்லை. லேசர் போட்டு அன்று மாலையே மலையேற்றி அனுப்பினோம்.